ஓர் ஆளின் பெயரைக் கேட்டு வாங்குங்கள்

எங்கள் மகனுக்கு நான்கு வயதானபோது பதினொரு பக்க அறிக்கை ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். முதல் பக்கத்தில் அவன் பெயர், கடைசிப் பக்கத்தில் ஆட்டிசம் என்ற சொல், நடுவில் மதிப்பெண்களும் கட்டங்களும். கூடவே ஒரு மடிப்புத் தாள்: பேச்சுப் பயிற்சி, அன்றாட வேலைகளைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி, சிறப்புக் கல்வி என்று வரிசையாக அச்சடித்திருந்தது. "ஏதாவது கேள்வி இருக்கிறதா?" என்றார்கள். எங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை. கேள்வி கேட்பதற்கே கொஞ்சம் விஷயம் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டோம்.

அதன்பிறகு, இந்த நிலையில் அப்பாக்கள் பலர் செய்வதையே நானும் செய்தேன். படிக்க உட்கார்ந்தேன். இரவு இரண்டு மணி வரை படிப்பேன். எந்தப் பயிற்சி, எத்தனை மணி நேரம், எந்த வயதில் என்று அட்டவணை போட்டேன். அட்டவணைக்கு வண்ணம் வேறு அடித்தேன். ஒரே மாதத்தில் ஆட்டிசத்தைப் பற்றி ஒரு மணி நேரம் மேடையில் பேசும் அளவுக்குத் தேறிவிட்டேன். என் மகன் ஏன் குளியலறை வாசலில் நின்று அலறுகிறான் என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை.

அதைச் சொன்னவர் ஓர் அம்மா. பயிற்சி அறைக்கு வெளியே கிடந்த பெஞ்சில் என் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர். அவருடைய மகனுக்கு அப்போது பதின்மூன்று வயது. "இரவில் தூங்குகிறானா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. எத்தனையாவது மாதம் தவழ்ந்தான், எப்போது முதல் சொல் சொன்னான் என்றெல்லாம் எத்தனையோ பேர் எங்களிடம் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் ஒருவருமே தூங்குவதில்லை என்பது யாருடைய படிவத்திலும் ஏறவில்லை. என் மனைவி அந்தப் பெஞ்சிலேயே அழுதுவிட்டாள். அழுது முடித்த பிறகு குளியலறைக் கதையைச் சொன்னாள். "தண்ணீருக்குப் பயப்படுகிறான் என்று ஏன் முடிவு செய்தீர்கள்? உள்ளே காற்றை வெளியேற்றும் மின்விசிறி ஓடுகிறதா? அந்தச் சத்தத்தை ஒரு நாள் நிறுத்திப் பாருங்கள்" என்றார் அவர். நிறுத்தினோம். மூன்றாவது நாள் அவனாகவே உள்ளே போனான்.

இதை மந்திரம் போட்ட கதையாகச் சொல்லவில்லை. இன்னொரு குழந்தைக்குக் காரணம் வெளிச்சமாக இருக்கலாம், தரையின் ஈரமாக இருக்கலாம், எவருக்கும் பிடிபடாத ஒன்றாகவும் இருக்கலாம். பயிற்சியாளர்களைக் குறை சொல்லவும் இல்லை. என் மகன் இன்று தனக்கு வேண்டியதைக் கேட்கிறான் என்றால் அது அவர்களுடைய பல வருட உழைப்பு. ஆனால் அறிக்கை கொடுத்த அன்று குழந்தையின் நிலைக்கு ஒரு பெயரைச் சொன்னார்கள். கூப்பிட்டுப் பேச ஓர் ஆளின் பெயரைச் சொல்லவில்லை. முதல் வருடத்தில் நாங்கள் பட்டதில் பாதி இதனால் வந்தது என்று இன்றும் நினைக்கிறேன்.

இது புதிதாக யாரோ கண்டுபிடிக்க வேண்டிய யோசனையும் அல்ல. 1978-இல் பிரிட்டனில் மேரி வார்னாக் தலைமையிலான குழு ஓர் அறிக்கை கொடுத்தது. குழந்தைகளை ஊனத்தின் வகைப்படி பிரித்து வைப்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு குழந்தைக்கும் கல்வியில் என்ன தேவை என்று பார்க்கச் சொன்னது அந்தக் குழுதான். பள்ளிப் பருவத்தில் ஏதோ ஒரு கட்டத்தில் ஐந்தில் ஒரு குழந்தைக்கு வரை இத்தகைய உதவி தேவைப்படலாம் என்று அது கணக்கிட்டது. அதே அறிக்கையில் இன்னொரு பரிந்துரையும் உண்டு: ஒவ்வொரு குடும்பத்துக்கும் 'பெயர் குறிப்பிடப்பட்ட ஒருவர்' இருக்க வேண்டும், எந்தச் சந்தேகத்துக்கும் பெற்றோர் முதலில் போய் நிற்க ஓர் இடம் வேண்டும் என்பது. சிறப்புக் கல்வித் தேவை என்ற சொல் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. அந்த ஒருவர் மட்டும் பல குடும்பங்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

2006-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை எடுத்துப் பாருங்கள். 24-ஆவது பிரிவு கல்வியைப் பற்றியது. எல்லோரும் அதைத்தான் மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு நெருக்கமானது அதற்கு முந்தைய 23-ஆவது பிரிவு. குழந்தைக்கும் குடும்பத்துக்கும் தகவலும் சேவையும் ஆதரவும் முன்கூட்டியே, முழுமையாகக் கிடைக்கச் செய்வது அரசின் கடமை என்கிறது அது. குடும்பத்துக்கும் என்ற சொல்லைக் கவனியுங்கள். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் "குழந்தைக்கு என்ன வேண்டும்?" என்றுதான் கேட்கிறார்கள். உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் அதற்குப் பதில் எழுத அவர்களிடம் கட்டம் இல்லை.

சரி, அரசு செய்யும்வரை காத்திருந்தால்? வரலாற்றைப் பார்த்தால் எந்தப் பெற்றோரும் அப்படிக் காத்திருந்ததாகத் தெரியவில்லை. 1946-இல் ஜூடி ஃபிரைடு என்ற பிரிட்டிஷ் தாய், குழந்தை வளர்ப்புப் பத்திரிகை ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். கல்வி கற்க இயலாதவர்கள் என்று அவருடைய மகளைப் போன்ற குழந்தைகளைப் பள்ளியே ஒதுக்கி வைத்திருந்த காலம். என்னைப் போன்ற பெற்றோர் இருந்தால் எழுதுங்கள் என்று கேட்டிருந்தார். எழுதினார்கள். அந்தக் கடிதங்களிலிருந்து பிறந்த சங்கம்தான், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்காகப் பிரிட்டனில் இன்று இயங்கும் மென்காப். 'இயலாதவர்கள்' என்று எந்தக் குழந்தையையும் பள்ளிக்கு வெளியே நிறுத்தக்கூடாது என்ற சட்டம் இங்கிலாந்தில் 1970-இல்தான் வந்தது. இருபத்து நான்கு வருடம்! அமெரிக்காவிலும் இதே கதை. பென்சில்வேனியா மாநிலத்தின் பெற்றோர் சங்கம் நீதிமன்றம் போய் 1971-இல் தங்கள் குழந்தைகளுக்குப் பள்ளிக் கதவைத் திறக்க வைத்தது. நாடு முழுமைக்குமான சட்டம் 1975-இல் வந்தது. ஆட்டிசத்துக்குத் தாயின் அன்பின்மையே காரணம் என்று பெரிய படிப்புப் படித்தவர்கள் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், அதை எதிர்த்து எழுதிய பெர்னார்ட் ரிம்லாண்ட் ஓர் உளவியலாளர். ஆட்டிசம் உள்ள சிறுவனின் அப்பாவும்கூட. 1965-இல் அவரும் மற்றப் பெற்றோரும் சேர்ந்து அமெரிக்காவில் சங்கம் தொடங்கினார்கள்.

இந்தப் பெரிய வெற்றிகளைவிட என் மனம் தங்குவது ஒரு சின்ன ஏற்பாட்டில். அதுவும் 1971-தான், அமெரிக்காவின் ஒமாஹா நகரம். தங்கள் குழந்தையின் குறைபாட்டைப் பற்றிப் புதிதாகக் கேள்விப்பட்ட பெற்றோரை, அதே பாதையில் சில வருடம் நடந்துவிட்ட இன்னொரு பெற்றோரோடு இணைத்து வைத்தார்கள். மூத்த பெற்றோருக்கு முதலில் கொஞ்சம் பயிற்சி கொடுத்தார்கள். பிறர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதற்கான பயிற்சி. கட்டடம் கேட்காத, கருவி கேட்காத ஏற்பாடு. குழந்தைகளைப் பரிசோதிக்கும் ஒவ்வோர் இடத்திலும் இது ஏன் இல்லை என்பதற்கு எனக்கு இதுவரை யாரும் பதில் சொன்னதில்லை.

உறவினர்கள் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறார்கள். "என் கொழுந்தனார் மகன்கூட ஐந்து வயதில்தான் பேசினான், இப்போது அவன் வாயை மூடவே முடியவில்லை" என்று சொல்லாத உறவினர் உண்டா? "கடவுள் தாங்கக்கூடியவர்களுக்குத்தான் கொடுப்பார்" என்பது இன்னொன்று. அன்பில்தான் சொல்கிறார்கள், தெரியும். ஆனால் அந்த ஒரு வாக்கியம், எனக்குத் தாங்க முடியவில்லை என்று வாய் திறக்கும் வழியையும் அடைத்துவிடுகிறது. தாங்குவதற்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்டவர் எப்படிப் புலம்ப முடியும்? நாங்கள் பிறகு ஒரு வழி கண்டுபிடித்தோம். "ஏதாவது உதவி வேண்டுமென்றால் சொல்லுங்கள்" என்பவர்களிடம் உடனே ஒன்றைச் சொல்லிவிடுவது. சனிக்கிழமை நான்கு மணியிலிருந்து ஆறு மணி வரை பெரியவளை எங்காவது அழைத்துப் போக முடியுமா, புதன்கிழமை எங்களோடு பள்ளிக் கூட்டத்துக்கு வந்து குறிப்பெடுக்க முடியுமா என்று. பாதிப் பேர் நழுவிவிடுவார்கள். மீதிப் பேர்தான் உங்கள் ஆட்கள். என் அண்ணி அப்படி வந்தவர். ஆட்டிசம் பற்றி அவர் ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை, ஆனால் ஆறு வருடமாக ஒரு சனிக்கிழமைகூடத் தவறவிட்டதில்லை.

பெரியவள் என்றேன். எங்கள் மகளுக்கு ஒன்பது வயதிருக்கும், ஒரு நாள் கேட்டாள்: "அவனுக்குப் புரியாது, நீதான் பொறுத்துப்போக வேண்டும் என்கிறீர்கள். எனக்குப் புரிவதால் எனக்குத் தண்டனையா, அப்பா?" இதற்கு நான் சேர்த்து வைத்திருந்த அட்டவணையில் பதில் இல்லை. அந்தச் சனிக்கிழமை ஏற்பாடு அந்தக் கேள்வியிலிருந்துதான் பிறந்தது.

பள்ளியைப் பற்றி நிறைய எழுதலாம், சுருக்கமாகச் சொல்கிறேன். வாயால் கேட்டது காற்றோடு போகும். தேதி போட்டு எழுதிக் கேளுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்துக்குத் தனியாகப் போகாதீர்கள். "கவனத்தை மேம்படுத்துவது" போன்ற இலக்குகளைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வராதீர்கள். திங்கட்கிழமை காலை முதல் பாட வேளையில் யார், என்ன, எவ்வளவு நேரம் செய்வார்கள் என்று கேளுங்கள். பரிசோதனைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தால், அதுவரை ஆசிரியரும் காத்திருக்க வேண்டும் என்று பொருள் இல்லை. முன்வரிசையில் உட்கார வைக்கவும், அன்றைய வேலைகளைப் படமாக வரைந்து ஒட்டவும், பேரிரைச்சலான நேரத்தில் வெளியே போய் நிற்க அனுமதிக்கவும் எந்த மருத்துவச் சொல்லும் தேவையில்லை. இவற்றில் எதையும் எனக்கு எந்த அதிகாரியும் சொல்லவில்லை. ஒவ்வொன்றும் அந்தப் பெஞ்சில் கற்றது.

பெஞ்சை நான் புனிதப்படுத்தவும் விரும்பவில்லை. அங்கே அபாயமும் உண்டு. தூக்கமில்லாத பெற்றோர் கூடும் இடத்தில் அற்புத மருந்து விற்பவனும் வந்து உட்கார்ந்துவிடுகிறான். தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப் போட்ட 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை, அது வெளியான லான்செட் மருத்துவ இதழே 2010-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. இன்றும் அது காதோடு காதாக ஓடிக்கொண்டிருக்கிறது. வெளுக்கும் ரசாயனமான குளோரின் டை ஆக்சைடைக் குழந்தைக்குக் குடிக்கக் கொடுக்கச் சொல்லி விற்றவர்கள் இருக்கிறார்கள். விற்றவர்களைச் சிறையில் தள்ளலாம், நம்பி வாங்கிய தாயை என்ன சொல்வது? நானும் ஒரு முறை விலையுயர்ந்த ஒரு டப்பாவை வாங்கி வந்து, மனைவி பார்த்த பார்வையில் அலமாரிக்கு மேலே வைத்தேன். அது அங்கேயே காலாவதியானது. இப்போது எனக்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. 'என் மகன் குணமாகிவிட்டான், நீங்களும் இதை வாங்குங்கள்' என்பவரிடமிருந்து எழுந்து தள்ளி உட்காருவேன். 'எங்களுக்கு இது உதவியது, உங்களுக்கு உதவாமலும் போகலாம், மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்' என்பவருக்குப் பக்கத்தில் நெருங்கி உட்காருவேன்.

இன்னோர் அபாயம் ஒப்பீடு. அவன் எழுதத் தொடங்கிவிட்டானாம், இவள் வழக்கமான பள்ளிக்கே போகிறாளாம் என்பதைக் கேட்டுவிட்டு வீடு திரும்பும் வழியில் இருவரும் பேசாமல் வந்த மாலைகள் எங்களுக்கு உண்டு.

அப்பாக்களைப் பற்றி ஒரு வார்த்தை. பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் அம்மாக்கள். நாங்கள் வாகனத்தில் உட்கார்ந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்போம். ஒன்றரை வருடம் நான் அப்படித்தான் இருந்தேன். முதல் முறை உள்ளே போய் உட்கார்ந்தபோது எனக்கு எதிரே இன்னோர் அப்பா இருந்தார். இருபது நிமிடம் இருவரும் பேசவில்லை. பிறகு அவர், "இவன் கையில் வைத்திருக்கும் அந்த நீல மூடி தொலைந்தால் என்ன செய்வீர்கள்?" என்று என் மகனைக் காட்டிக் கேட்டார். "ஒரே மாதிரி எட்டு மூடி வீட்டில் இருக்கிறது" என்றேன். "எங்கள் வீட்டில் பன்னிரண்டு" என்றார். இருவரும் சிரித்தோம்.

உலகில் ஏறத்தாழ 24 கோடி குழந்தைகள் மாற்றுத்திறனோடு வாழ்கிறார்கள் என்று 2021-இல் யுனிசெஃப் கணக்குச் சொன்னது. அத்தனை வீடுகளிலும் யாரோ ஒருவர் இரவு இரண்டு மணிக்கு எதையோ தேடிக்கொண்டிருக்கிறார்கள். அறிக்கை வாங்கப் போகும் ஒவ்வொருவருக்கும் நான் சொல்வது இதுதான்: "கேள்வி இருக்கிறதா?" என்று அவர்கள் கேட்கும்போது, வேறு எதுவும் தோன்றாவிட்டாலும், "எங்கள் நிலையைக் கடந்து வந்த ஒரு பெற்றோரோடு பேச ஏற்பாடு செய்ய முடியுமா?" என்று கேளுங்கள். சம்மதம் பெறாமல் யாருடைய எண்ணையும் கொடுக்கக்கூடாதுதான். சம்மதம் கேட்டு வைப்பதில் என்ன சிரமம்?

எங்களுக்கு அறிக்கை கொடுத்த இடத்தில் இதை எழுதிக் கொடுத்தேன். இரண்டு நினைவூட்டல் கடிதங்களுக்குப் பிறகு ஒப்புக்கொண்டார்கள். மூன்று குடும்பங்கள் எங்கள் எண்களைக் கொடுத்திருக்கிறோம். முதல் அழைப்பு சென்ற செவ்வாய்க்கிழமை இரவு வந்தது. ஒரு மணி நேரத்துக்கும் மேல் பேசினார் அந்த அம்மா. நான் பேசியது பத்து நிமிடம் இருக்கும். ஆட்டிசம் என்ற சொல்லை அவர் ஒரு முறைகூடச் சொல்லவில்லை. மகளுக்கு எட்டு மாதமாக முடி வெட்ட முடியவில்லை, கத்தரிக்கோலைக் கண்டாலே மேசைக்கு அடியில் புகுந்துகொள்கிறாள், என்ன செய்வது என்பதுதான் அவருடைய கவலை. தூங்கும்போது ஒரு பக்கம் மட்டும் வெட்டுங்கள், மறுபக்கத்தை நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். "ஒரு நாள் முழுக்க ஒரு பக்கம் நீளமாகவா இருப்பாள்?" என்று கேட்டார். எங்கள் மகன் ஒரு வாரமே அப்படி இருந்தான், புகைப்படம் இருக்கிறது, அனுப்புகிறேன் என்றேன்.