முன்பக்கம் வெறும் மூஞ்சி மட்டும்தானா?
ரோமன் தங்கக்காசுல சேதி எல்லாம் பின்பக்கம்தான், முன்பக்கம் வெறும் ராஜா மூஞ்சின்னு கட்டுரைல போட்டிருக்கீங்க, அத மட்டும் ஒத்துக்க முடியல. நீரோ காச எடுத்துக்கங்க. கி.பி. 54ல 16 வயசுல பட்டத்துக்கு வந்த பையன், அப்போ அடிச்ச தங்கக்காசுல அவனும் அம்மா அக்ரிப்பினாவும் நேருக்கு நேர் மூஞ்சி பாத்துக்கிட்டு இருப்பாங்க, அதுவும் அந்தப் பக்கம் சுத்தி இருக்கிற எழுத்து அம்மாவோட பேரும் பட்டமும், ராஜா பேரு பின்னாடி ஓக் இலை மாலைய சுத்தி கெடக்கு. அடுத்த வருஷமே ஆட்டம் மாறிடுது, ரெண்டு தலையும் ஒரே பக்கம் பாக்குது, நீரோ முன்னாடி, அம்மா அவனுக்குப் பின்னால மறைஞ்சு முகத்தோட ஓரம் மட்டும் எட்டிப் பாக்குது, அவங்க பேரும் பின்பக்கம் யானைத் தேர் இருக்கிற எடத்துக்குப் போயிடுச்சு. அப்புறம் காசுல அம்மாவே கிடையாது. 59ல ஆளையே தீத்துக் கட்டிட்டான். வீட்டுக்குள்ள யாரு கை ஓங்குதுன்னு இதவிட பச்சையா எப்படிங்க சொல்றது? மேல ஒருத்தர் தங்கக்காச சாதாரண ஜனம் எங்க பாத்துச்சுன்னு கேட்டிருக்கார். நியாயம்தான், ஒரு தங்கக்காசு 25 வெள்ளி டெனாரியஸ், சிப்பாயோட வருஷ சம்பளமே அப்போ 225 டெனாரியஸ், காய்கறி வாங்கற காசு இல்ல அது. ஆனா ராஜாவ உக்கார வைக்கிறதும் எறக்குறதும் பட்டாளமும் பெரிய பணக்காரங்களும்தான, அவங்க கண்ணுல பட்டா போதாதா.