விக்கலில் தொடங்கிய நோய்
நியூரோமைலைடிஸ் ஆப்டிகா என்பது உடலின் எதிர்ப்பாற்றலே கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் நோய். அது, நரம்புகளின் மையலின் உறை சிதையும் நோயான 'மல்டிபிள் ஸ்கிளிரோசிஸின் கடுமையான வடிவமே' என்று அதைப் பற்றிய கட்டுரை ஒன்றில் எழுதியிருப்பது இருபது ஆண்டுகளுக்கு முந்தைய பாடம். 2004-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையைச் சேர்ந்த வாண்டா லெனன் குழுவினர் இந்நோயாளிகளின் இரத்தத்தில் தனித்த ஓர் எதிர்ப்புப்பொருளைக் கண்டறிந்தார்கள். அது நரம்பைச் சுற்றியுள்ள மையலின் உறையை அல்ல, நரம்புச் செல்களுக்குத் துணைநிற்கும் ஆஸ்ட்ரோசைட் செல்களில் நீரைக் கடத்தும் அக்வாபோரின்-4 புரதத்தையே குறிவைக்கிறது என்பது அடுத்த ஆண்டே தெளிவானது. இது வெறும் பெயர்த் தகராறு அன்று, ஏனெனில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்குத் தரப்படும் இன்டர்ஃபெரான் பீட்டா என்ற மருந்து இந்நோயை மேலும் மோசமாக்கக்கூடும். இந்நோய் கண்ட என் அக்காவுக்கு முதலில் வந்தது விக்கல்தான். மூன்று வாரம் விக்கலும் வாந்தியும் நிற்காமல், சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டவரை, வயிற்றுப்புண் என்று சொல்லி எண்டோஸ்கோபி செய்து மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். மூளைத்தண்டில், வாந்தியைத் தூண்டும் பகுதியில் ஏற்படும் அழற்சி இப்படித்தான் தொடங்கும் என்பதை, இரண்டு மாதம் கழித்து வலது கண் மங்கிய பிறகே ஒரு நரம்பியல் மருத்துவர் விளக்கினார். 'எம்ஆர்ஐ எடுத்தால் போதாதா?' என்று அக்கட்டுரைக்குக் கீழே கேட்டிருக்கும் வாசகருக்கு: தண்டுவட அழற்சி மூன்று முள்ளெலும்புகளின் நீளத்துக்கோ அதற்கு மேலோ பரவியிருந்தால் ஸ்கேன் சந்தேகத்தை எழுப்பும், ஆனால் அக்காவின் சிகிச்சையை மாற்றியது அந்த எதிர்ப்புப்பொருளைக் கண்டறியும் இரத்தப் பரிசோதனைதான்.