மேசையைத் தள்ளியது யார்?

"காமன் சென்ஸ் இல்லையா உனக்கு?" என்று வாரத்துக்கு ஒருவரையாவது கேட்டுவிடுகிறேன். அதைத் தமிழில் எழுத உட்கார்ந்தால்தான் திண்டாட்டம். பொது அறிவு என்றால் டிஎன்பிஎஸ்சி வினாத்தாள் ஞாபகம் வரும், பொதுப்புத்தி என்றால் சிறுபத்திரிகைக்காரர்கள் திட்டுகிற சமாச்சாரம்.

இந்த காமன் சென்ஸ் பிறவியிலேயே வருகிறதா, பழக்கத்தில் வருகிறதா என்று விக்டோரியா காலத்து பிரிட்டனிலும் பெரிய சண்டையே நடந்தது. ஸ்காட்லாந்தின் தத்துவவாதி தாமஸ் ரீட் 1764-லேயே சொல்லிவிட்டார்: எதிரே நிற்கும் மரம் நிஜமாகவே இருக்கிறது, நேற்றைய நான்தான் இன்றைய நான், இதற்கெல்லாம் நிரூபணம் கேட்காதே, நம் இயல்பிலேயே வைத்து அனுப்பப்பட்ட நம்பிக்கைகள் இவை. எடின்பரோவில் தத்துவப் பேராசிரியர் வில்லியம் ஹாமில்டன் அதைத் தூக்கிப்பிடித்தார். இங்கிலாந்தின் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் 1865-ல் ஹாமில்டனை மட்டும் குறிவைத்து ஒரு முழுப் புத்தகமே எழுதி, பழக்கத்தில் ஒட்டிக்கொண்டதையெல்லாம் பிறவிச் சொத்து என்கிறீர்களே என்று பிடிபிடியென்று பிடித்தார்.

எனக்குப் பிடித்தது இந்த இருவருக்கும் நடுவில் புகுந்த உடலியங்கியல்காரர் வில்லியம் கார்பெண்டர். மனதில் ஒரு எண்ணம் இருந்தாலே போதும், நமக்குத் தெரியாமலே தசை அசையும் என்று 1852-ல் சொன்னவர். அடுத்த வருடமே லண்டன் வீடுகளில் மேசை சுற்றும் பைத்தியம் பிடித்தது. நாலு பேர் மேசைமேல் கை வைத்து உட்காருவார்கள், மேசை நகரும், ஆவிதான் என்பார்கள். விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே என்ன செய்தார் தெரியுமா? அட்டைகளை அடுக்கி, நடுவில் இளகிய பசை உருண்டைகளை வைத்து, அதன்மேல் கையை வைக்கச் சொன்னார். மேசை தானாக நகர்ந்தால் அடி அட்டை முந்த வேண்டும். முந்தியது மேல் அட்டை! தள்ளியது கைகள்தான். அசைவைக் காட்ட ஒரு முள்ளைப் பொருத்தி அதைப் பார்த்துக்கொண்டே உட்காரச் சொன்னதும் மேசை நின்றுவிட்டது.

கார்பெண்டர் அதோடு விடவில்லை. காமன் சென்ஸும் இதே மாதிரி சரக்குதான், நரம்புகள் பழகிப் பழகித் தாமாகவே தரும் தீர்ப்பு என்று 1872-ல் எழுதினார். பிரக்ஞை இல்லாமலே உடம்பு வேலை பார்ப்பதற்கு அவர் காட்டும் உதாரணம் யார் என்றால், சாட்சாத் மில்தான். கென்சிங்டனிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலகத்துக்குத் தினமும் நடக்கும்போது, ஜனநெரிசலில் யார் மேலும் இடிக்காமல், தன் தர்க்க நூலை மனதுக்குள் யோசித்துக்கொண்டே போன மனுஷன். காலுக்கு வழி தெரியும், தலை வேறெங்கோ.

முன்னோரின் அனுபவம் நரம்பு வழியே பிள்ளைகளுக்கு இறங்கும் என்றும் கார்பெண்டர் நம்பினார். இன்றைய மரபியல் அதை அப்படியே ஏற்காது. சரி, அது போகட்டும். மேசையை நகர்த்திய அதே இயந்திரம்தான் நல்ல தீர்ப்பையும் தருகிறது என்றால், எது எது என்று எப்படிப் பிரிப்பது? பயிற்சி பெற்ற புத்தி பிரிக்கும் என்றார். ஆனால் ஆவி ஆராய்ச்சியில் இறங்கிய வேதியியலாளர் வில்லியம் குரூக்ஸை 1871-ல் அவர் தாக்கியதைப் பார்த்தால், பயிற்சி பெற்ற புத்தி என்பது பல இடங்களில் "என் புத்தி" ஆகிவிடுகிறது. ஆவிகளை நம்பிய இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் கார்பெண்டரோடு மல்லுக்கு நின்றார். மேசை விஷயத்தில் கார்பெண்டர் பக்கம்தான் நான், இருந்தாலும் வாலஸின் எரிச்சல் எனக்குப் புரிகிறது.

ஹாஸ்டலில் ஒரு ராத்திரி மெழுகுவத்தி வெளிச்சத்தில் நாணயத்தின்மேல் விரல் வைத்து ஆவி கூப்பிட்டோம். அது எழுத்து எழுத்தாக நகர்ந்து எங்கள் நண்பனின் தாத்தா பெயரைச் சொன்னது. ஃபாரடே அட்டையைப் பற்றி நான் படித்தது அதற்கு அப்புறம். தள்ளவே இல்லை என்று அவன் இன்றும் சத்தியம் செய்கிறான். நானும் தள்ளவில்லை.