அந்தக் கடைசி வரியை எடுத்து விடுங்கள்

அந்தப் பதிவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மூன்று நாளாக எல்லோருடைய பக்கத்திலும் அதுதான் ஓடுகிறது. இலங்கையில் அழிந்துபோன விலங்குகள் என்று அழகழகாக வரைந்த படங்கள். சிங்கம், காண்டாமிருகம், நீர்யானை, காட்டெருது. கடைசிப் படம் மட்டும் வரைந்தது இல்லை. தேயிலைக்கு நடுவில், இடுப்பில் கம்பி இறுகிச் செத்துக் கிடக்கிற சிறுத்தை. அதன் கீழே ஒரு வரி: "அடுத்தது இது, தோட்டக்காட்டான்களின் புண்ணியத்தில்." மலையகத் தோட்டத் தமிழர்களான எங்களை இளப்பமாகச் சொல்கிற பெயர் அது.

நான் உடனே பதில் எழுதவில்லை. எழுதியிருந்தால் நல்ல வார்த்தை வந்திருக்காது. இப்போது நிதானமாகத்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பட்டியலையே எடுத்துக்கொள்வோம். சிங்கம் இங்கே இருந்தது என்பதற்குச் சான்று, குருவிட்டையில் கிடைத்த இரண்டு பற்கள். அதை வைத்து 1939இல் தெரணியகல என்ற ஆய்வாளர் அதற்குப் பெயர் வைத்தார். அது அழிந்து முப்பதாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. காண்டாமிருகமும் நீர்யானையும் இரத்தினபுரிப் பக்கம் மாணிக்கக்கல் தோண்டிய குழிகளில் எலும்பாகவும் பல்லாகவும் கிடைத்தவை. காட்டெருதின் கதை கொஞ்சம் கிட்டத்தில் நடந்தது. கண்டி அரசனிடம் பத்தொன்பது வருடம் கைதியாக இருந்த ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர், 1681இல் வந்த தன் நூலில் 'கவரா' என்ற விலங்கைப் பற்றி எழுதியிருக்கிறார். காளை மாதிரி, முதுகு கூராக எழும்பி, நான்கு காலிலும் பாதி வரை வெள்ளையாம். அரசனின் விலங்குகளோடு ஒன்றே ஒன்றைத்தான் பார்த்தாராம். எங்கள் ஆட்கள் கோப்பித் தோட்டத்துக்கென்று இந்த மலை ஏறியது 1820களில். அதாவது, அந்தப் பட்டியலில் அழிந்துபோன ஒன்றுகூட எங்கள் கையால் அழியவில்லை. ஆனால் பழி விழுந்தது எங்கள் பெயரில் மட்டும்.

அந்தப் பட்டியலில் இல்லாத ஒரு விலங்கு இருக்கிறது. மலையகத்து யானை. நுவரெலியாவிலும் ஹோர்ட்டன் சமவெளியிலும் யானைக் கூட்டம் திரிந்தது. இன்று அங்கே ஒன்றுகூட இல்லை. எப்படிப் போனது? மேஜர் ரோஜர்ஸ் என்ற வெள்ளைக்காரர் ஒருவரே 1,400 யானைகளுக்கு மேல் சுட்டதாகச் சொல்கிறார்கள். 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தார். நுவரெலியாவில் அவருக்குக் கல்லறை இருக்கிறது. சாமுவேல் பேக்கர் என்ற இன்னொரு வெள்ளைக்காரர் 1848இல் நுவரெலியாவில் குடியேறி, வேட்டைநாய்களை ஏவி மரைகளைத் துரத்திக் கத்தியால் குத்திக் கொன்றார். பசிக்காக இல்லை, பொழுதுபோக்குக்காக. ஹோர்ட்டன் சமவெளியில் ஒரு நீர்வீழ்ச்சிக்கே அவர் பெயர். நுழைவுச்சீட்டு வாங்கிப் போய், அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு வருகிறோம்.

பொழுதுபோக்குக்குக் கொன்றவருக்கு நீர்வீழ்ச்சி. பாத்தியைக் காப்பாற்றப் பன்றிக்குச் சுருக்குக் கம்பி கட்டியவன் காட்டான். இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"பழங்கதை எதற்கு, கம்பி கட்டியது உங்கள் ஆள்தானே" என்று கேட்பீர்கள். ஆமாம், பல இடங்களில் எங்கள் ஆள்தான். மறைக்க மாட்டேன். காட்டை வெட்டிய கோடரியைப் பிடித்ததிலும் எங்கள் தாத்தன்மார் உண்டு. ஆனால் யாருக்காக வெட்டினார்கள்? முதலில் கோப்பிக்காக, 1869இல் இலைநோய் வந்து கோப்பி சரிந்த பிறகு தேயிலைக்காக. அந்தத் தேயிலையை நீங்கள் குடிக்கவில்லையா?

என் அப்பாயி கொழுந்து எடுத்தவர். அவர் சொன்ன ஒரு சம்பவத்தை நான் நூறு தடவையாவது கேட்டிருப்பேன். ஒரு நாள் மலையில் நிரை பிடித்துப் போகும்போது, தண்ணீர் ஓடும் கானுக்குப் பக்கத்தில் தேயிலைத் தூருக்கு அடியில் இரண்டு குட்டிகள். பூனைக்குட்டி என்றுதான் முதலில் கையை நீட்டினாராம். கங்காணி ஓடி வந்து, "தொடாத ஆத்தா, தாய் இங்கனதான் நிக்கும்" என்று எல்லாப் பெண்களையும் மேலே ஏற்றிவிட்டார். மூன்று நாள் அந்தப் பக்கம் யாரும் இறங்கவில்லை. நாலாம் நாள் குட்டிகள் இல்லை, தாய் தூக்கிப் போயிருந்தது. அந்த மூன்று நாளும் கொழுந்து நிறை காணாது என்று எல்லோருக்கும் அரைப்பேர் போட்டார்கள். சிறுத்தைக்காக அரைநாள் சம்பளத்தை விட்ட பெண்கள் அவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளைத்தான் காட்டான் என்கிறீர்கள்.

சரி, கம்பிக்கு வருகிறேன். என் மாமாவும் கட்டினார். லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலத்தில் லீக்ஸும் உருளைக்கிழங்கும் போட்டிருந்தார். கடன் வாங்கிப் போட்ட விதை. ஒரே இரவில் காட்டுப்பன்றி வந்து பாத்தி முழுக்க உழுதுவிட்டது. விடிந்ததும் அவர் அந்த மண்ணில் உட்கார்ந்திருந்த கோலம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதற்குப் பிறகுதான் மோட்டார் சைக்கிள் பிரேக் கேபிள் வாங்கி வந்தார். நானும் அவரும் அதற்காகச் சண்டை பிடித்து ஆறு மாதம் பேசவில்லை. "நீ பன்றிய வெரட்டு, நான் கம்பிய அவுக்குறேன்" என்றார். என்னிடம் பதில் இல்லை.

ஆனாலும் கம்பி தப்புதான். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. பன்றிக்குக் கட்டுகிற சுருக்கு சிறுத்தையை இடுப்பில் பிடிக்கிறது. அது திமிறத் திமிற உள்ளே எல்லாம் நசுங்கிவிடுகிறது. அதனால்தான் உயிரோடு அவிழ்த்தாலும் பல பிழைப்பதில்லை. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் மாட்டிய கருஞ்சிறுத்தையை நினைத்துப் பாருங்கள். கருப்பு என்றால் வேறு இனம் இல்லை, இதே சிறுத்தைதான். வெயிலில் நின்றால் அந்தக் கருப்புக்குள்ளும் புள்ளி தெரியும். உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும் சில நாளில் செத்துப்போனது. அன்றைக்கு என் மாமாவும் அழுதார். அதை யாரும் படம் எடுக்கவில்லை.

"மனுசனே கஷ்டத்தில் கிடக்கிறான், உனக்குச் சிறுத்தை பெரிசா?" என்று நம் பக்கத்திலிருந்தும் கேட்பார்கள். அவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். பன்றியைப் பிடித்துத் தின்பது அந்தச் சிறுத்தைதான். சிங்கமும் புலியும் இல்லாத இந்த நாட்டில் காட்டுக்கு மேலே இருக்கிற வேட்டைக்காரன் அது ஒன்றுதான். நம் தீவைத் தவிர உலகத்தில் வேறெங்கும் காட்டில் இந்த வகை இல்லை. வளர்ந்த சிறுத்தைகள் மொத்தமாக ஆயிரம்கூடத் தேறாது என்றுதான் கணிக்கிறார்கள். பன்றிக்குப் பயந்து கட்டுகிற கம்பியில் பன்றியின் எதிரியையே கொன்றால் அடுத்த வருடம் பன்றி குறையுமா, கூடுமா?

ஆனால் இதை என் மாமாவிடம் சொல்கிற உரிமை எனக்கு உண்டு. கொழும்பில் இருந்துகொண்டு, பன்றி உழுத பாத்தியை ஒரு நாளும் பார்க்காதவருக்கு இல்லை. பயிர் போனால் ஈடு தரும் ஏற்பாடு ஒழுங்காக வேண்டும் என்று நீங்கள் ஒரு தடவையாவது எழுதியிருக்கிறீர்களா? இருநூறு வருடமாக இந்த மலையில் கிடக்கிறோம். வீடு கட்ட ஏழு பேர்ச் என்ற சின்னத் துண்டுக் காணிக்கு இன்னும் கையேந்தி நிற்கிறோம். சிறுத்தைக்காவது சரணாலயம் என்று ஒரு எல்லை போட்டிருக்கிறார்கள். எங்களுக்கு அதுவும் கிடையாது. சிறுத்தை செத்தால் மட்டும் எங்கள் நினைப்பு வருகிறது, அதுவும் அந்தப் பெயரில்.

அந்தச் சொல்லைப் பள்ளிக்கூடத்தில் கேட்டு வளர்ந்தவன் நான். என் மகளுக்கு எட்டு வயது. விலங்கென்றால் உயிர். அந்தப் பதிவை முதலில் எனக்குக் காட்டியதே அவள்தான். "அப்பா, நம்ம நாட்டுல நீர்யானை இருந்திச்சாம்" என்று ஓடி வந்தாள். ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டே போனோம். கடைசிப் படம் வந்ததும் அந்த வரியை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "தோட்டக்காட்டான்னா யாருப்பா?" என்று கேட்டாள்.

பக்கம் நடத்துகிறவருக்கு: படங்கள் இருக்கட்டும், நல்ல படங்கள். சிறுத்தை செத்த படமும் இருக்கட்டும், எல்லோரும் பார்க்க வேண்டியதுதான். அந்தக் கடைசி வரியை மட்டும் எடுத்து விடுங்கள். அவள் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.