97 சதவீத விமானம்

மாடல் விமானத்தின் முழு அளவு வரைபடத்தை வீட்டு பிரிண்டரில் எடுக்கலாம் என்று முதலில் சொன்னவர் யாரோ, அவர் கையில் ஒரு செலோடேப் சுருளைக் கொடுத்து என் முன்னால் உட்கார வைக்க வேண்டும்.

கணக்கு பார்த்தால் சுலபம்தான். வரைபடம் போட்டிருக்கும் பெரிய ஏ0 தாள் ஒன்றில், வீட்டு பிரிண்டரின் ஏ4 தாள் 16 அடங்கும். ஆனால் பிரிண்டர் நாலு ஓரத்திலும் கொஞ்சம் வெள்ளையாக விட்டுவிடும், ஒட்டுவதற்கும் ஒரு சென்டிமீட்டர் மேல்படிய வேண்டும், அப்புறம் பார்த்தால் 16 என்பது 25 தாளாகி நிற்கிறது.

சரி, அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். 'பக்கத்துக்குப் பொருத்து' என்று ஒரு டிக் இருக்கிறதே, நான் எத்தனை முறை எடுத்துவிட்டாலும் அடுத்த முறை தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும் அந்த டிக், அதுதான் என் ஜென்ம விரோதி. சத்தமே இல்லாமல் 97 சதவீதமாகச் சுருக்கிவிடும். 1200 மி.மீ. இறக்கை 1164 ஆகிவிடும். அதுகூடப் பரவாயில்லை, குட்டி விமானம் என்று சமாளிக்கலாம். ஆனால் ரிப்பில், அதாவது இறக்கைக்கு வடிவம் கொடுக்கும் துண்டில், குச்சி செருக இருக்கும் 3 மி.மீ. பள்ளமும் கூடவே சுருங்கிவிடும், கடையில் வாங்கிய பால்சா மரக் குச்சி மட்டும் அதே 3 மி.மீ.தான். எல்லா ரிப்பையும் வெட்டி முடித்த பிறகுதான் இது தெரியவரும்!

வரைபடத்தின் மூலையில் 100 மி.மீ. கோடு ஒன்று சும்மா போட்டு வைக்கவில்லை, முதல் தாளிலேயே ஸ்கேல் வைத்து அளந்திருக்கலாம். அளந்தேன், 23 தாள் ஒட்டிய பிறகு.