பனிமூட்டத்தின் மேல் பழி போடாதீர்கள்

நேற்று சாயந்திரம் இணையக் கம்பனிக்குப் போன் எடுத்தபோதும் அதே பதில்தான். "சேர், உங்க ஏரியாவுல மிஸ்ட் கூட, அதான் ஸ்பீட் குறையுது." நான் வாசலில் நின்றுதான் பேசிக்கொண்டிருந்தேன். எதிர் மலையில் கொழுந்து நிறுக்கிற மடுவமும் அதன் பக்கத்தில் யாரோ காயப்போட்டிருந்த சிவப்புச் சட்டையும்கூடத் துல்லியமாகத் தெரிகிறது. மிஸ்டாம். மலைநாடு என்றாலே அவர்களுக்கு மிஸ்ட், தேயிலை, ரயில் வாசலில் தொங்கிக்கொண்டு போட்டோ எடுக்கிற வெள்ளைக்காரர்கள், அவ்வளவுதான் போல. போனில் பேசிய பிள்ளை மீது எனக்குக் கோபமில்லை, திரையில் இருப்பதை வாசிக்கிறார், பாவம். அந்த வசனத்தை எழுதிக் கொடுத்தவர் யாரென்று தெரிந்தால் தலவாக்கலைக்கு ஒரு பஸ் டிக்கெட் நானே எடுத்துக் கொடுப்பேன்.

வீட்டு ரவுட்டருக்கு வருகிற 4ஜி அலைகள் பெரும்பாலும் 3000 மெகாஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ளவை. அந்த அலைகளுக்குப் பனிமூட்டம் ஒரு பொருட்டே இல்லை. நடுவில் நிற்கிற மலை முகடு மறிக்கும், ஈரத்தோடு அடர்ந்து நிற்கிற சவுக்கும் டர்பன்டைன் மரமும் மறிக்கும். அந்த முகடு என்ன போன வருடமா முளைத்தது? டவருக்கு இடம் பார்க்க வந்த அன்றே அங்கேதானே நின்றது. கொட்டுகிற மழையில் டவருக்கும் டவருக்கும் நடுவே உள்ள மைக்ரோவேவ் இணைப்பு தளரும், அதை ஒப்புக்கொள்கிறேன், அதற்குத்தான் டவர் வரைக்கும் ஃபைபர் இழுப்பது. ஆனால் மலை என்பதே தடை என்று பேசுகிறவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். 1982-ல் அரச டீவி ரூபவாஹினி தொடங்கியபோது பிரதான ஒளிபரப்புக் கோபுரத்தை எங்கே கொண்டுபோய் வைத்தார்கள்? பிதுருதலாகலை உச்சியில், எங்கள் நுவரெலியாவில். மலை உயரமாக இருப்பதால் நாடு முழுக்கப் படம் தெரியும் என்றுதானே அங்கே ஏறினார்கள். கொழும்புக்குப் படம் காட்ட மலை வசதி, மலையில் இருக்கிறவனுக்கு ஒரு சூம் வகுப்பு கேட்டால் மலை தடை. நல்ல கணக்கு.

கரண்ட் போனால் டவர் பட்டரியில் கொஞ்ச நேரம் மூச்சு விடும், ஜெனரேட்டர் இல்லாத டவர் அதற்கப்புறம் செத்துப்போகும். கரண்ட் எங்கே உற்பத்தியாகிறது என்று பார்த்தால் சிரிப்புத்தான் வரும். காசல்ரீ, மவுசாகலை, 2012-ல் திறந்த 150 மெகாவாட் மேல் கொத்மலை, எல்லாம் எங்கள் பள்ளத்தாக்குகள்தான். 2025 பெப்ரவரியில் பாணந்துறையில் ஒரு குரங்கு உப மின்நிலையத்துக்குள் பாய்ந்ததில் நாடே இருண்டது என்று உலகம் முழுக்கச் செய்தி வந்தது. எங்கள் லயத்து வரிசை வீடுகளின் கம்பியில் குரங்கு தினமும்தான் ஊஞ்சலாடுகிறது, ஒரு பேப்பரும் எழுதவில்லை.

மாலை ஆறு மணிக்கு மேல் நடப்பது வேறு கதை. அப்போது மழையும் இல்லை, கரண்டும் இருக்கிறது, ரவுட்டரில் சிக்னல் கோடுகள் நிறைந்து நிற்கின்றன, ஆனால் ஒரு வாட்ஸப் படம் இறங்காது. காரணம் எளிது. ஒரு டவரின் ஒரு பக்கத்துக்கு இருக்கிற கொள்ளளவைத்தான் அந்தப் பக்கத்தில் உள்ள எல்லா வீடும் பங்கு போட வேண்டும். மேல் டிவிஷன், கீழ் டிவிஷன், பக்கத்துத் தோட்டம், டவுனில் பாதி என்று எல்லாருக்கும் ரவுட்டரை விற்றுத் தள்ளிவிட்டு, கொள்ளளவைக் கூட்டாமல் இருந்தால் என்ன ஆகும்? விற்கும்போது டவுன் சந்தியில் குடை விரித்து, பலூன் கட்டி, பாட்டுப் போட்டு விற்றார்கள். அன்றைக்கு யாரும் மிஸ்ட் பற்றிப் பேசவில்லை.

அப்போ ஃபைபர் எடுக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். கொழும்பு நண்பர்கள் எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள். என் இரத்தம் கொதிப்பதே இந்த இடத்தில்தான். ஃபைபர் இருக்கிறது! மெயின் ரோட்டு ஓரமாகக் கம்பத்துக்குக் கம்பம் அழகாகத் தொங்குகிறது, எங்கள் லயத்து முற்றத்தில் நின்றால் கண்ணுக்குத் தெரிகிறது. ரோட்டோரக் கடைக்காரருக்கு இருக்கிறது, ஹோட்டலுக்கு இருக்கிறது, தோட்டத்து மேனேஜர் துரையின் பங்களாவுக்கும் இருக்கிறது. எங்களுக்கு இல்லை. முதலில் "போர்ட் ஃபுல்", பெட்டியில் இணைப்புக்கு இடமில்லை என்றார்கள். பிறகு மேலே வரக் கம்பம் இல்லை என்றார்கள். கம்பத்துக்குக் காசு கொடுக்கிறோம், லயத்து ஆட்கள் எல்லாரும் சேர்ந்து பிரித்துக்கொள்கிறோம் என்றோம். அப்போதுதான் உண்மையான கேள்வி வந்தது: காணி உறுதி இருக்கிறதா? உங்கள் பெயருக்குக் கரண்ட் பில் இருக்கிறதா? வீட்டு இலக்கம், வீதியின் பெயர் என்ன?

வீதியின் பெயராம். எங்கள் வீதிக்குப் பெயர் ஐந்தாம் நம்பர் மலை ரோடு, அது எந்த மெப்பிலும் இல்லை. எங்கள் கடிதமெல்லாம் தோட்டத்து ஆபிஸுக்குத்தான் போகும், அங்கே யாராவது ஞாபகம் வைத்துக் கொடுத்தால் வரும், பரீட்சைக் கடிதமும் நேர்முகத் தேர்வுக் கடிதமும் திகதி முடிந்தபிறகு கைக்கு வந்த கதை ஒவ்வொரு லயத்திலும் இருக்கிறது. வீடு தோட்டத்துடையது, நிலம் அரசாங்கத்துடையது, குத்தகை கம்பனியுடையது. எங்களுடையது என்று சொல்ல முற்றத்தில் உள்ள கறிவேப்பிலைச் செடி இருக்கிறது. தனி வீட்டுத் திட்டத்தில் ஏழு பேர்ச்சஸ் காணி கிடைத்தவர்களிலும் உறுதி கைக்கு வராமல் காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே தோட்டத்து ஆபிஸில் இருந்து "ஆட்சேபனை இல்லை" என்று ஒரு கடிதம் வேண்டும். அந்தக் கடிதத்துக்கு ஆபிஸ் வாசலில் நின்றால், பெரிய கிளாக்கர் லீவு, துரை மீட்டிங், கம்பனியின் தலைமை ஆபிஸில் கேட்க வேண்டும், கம்பம் நடத் தேயிலைச் செடி பிடுங்க வேண்டி வருமே, ஒருவருக்குக் கொடுத்தால் எல்லாரும் கேட்பார்களே. கேட்கட்டுமே ஐயா, கேட்டால் என்ன கெட்டுப்போகிறது! இணையக் கம்பனி தோட்டத்தைக் கைகாட்டும், தோட்டம் இணையக் கம்பனியைக் கைகாட்டும். 2023-ல் "மலையகம் 200" என்று தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரைக்கும் எங்கள் சனம் நடந்தது. இருநூறு வருடம் இங்கே இருந்துவிட்டு, ஒரு கம்பிக்கு விண்ணப்பம் போட முகவரி இல்லாமல் நிற்கிறோம்.

தவறை எல்லாம் ஒரு கம்பனி மேல் போட நான் தயாரில்லை. 1991-ஆம் வருடத்துத் தொலைத்தொடர்புச் சட்டத்தில், நாட்டின் நியாயமான தேவைகளுக்கு நம்பகமான சேவை கிடைப்பதை உறுதிசெய்ய வேண்டும், நடைமுறையில் முடியாத இடங்கள் மட்டும் விதிவிலக்கு என்ற பொருளில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த விதிவிலக்குக்குள்தான் எங்களைக் குடிவைத்திருக்கிறார்கள் போல. எது முடியும், எது முடியாது என்று முடிவு செய்வது யார்? ரோட்டில் இருந்து மேலே கல்லெறிந்தால் விழுகிற தூரம். கடலுக்கு அடியில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கேபிள் கொண்டுவரலாம், ஐந்தாம் நம்பர் மலைக்கு நாலு கம்பம் நட முடியாது.

ஆனால் மூட வேண்டும் என்று வந்தால் மட்டும் அந்தச் சிரமம் எதுவும் தெரிவதில்லை. 2018 மார்ச்சில் கண்டிப் பக்கம் திகனையில் முஸ்லிம் மக்களின் வீடும் கடையும் எரிந்தபோது ஃபேஸ்புக், வாட்ஸப் எல்லாம் மூடினார்கள். 2019 ஏப்ரலில் குண்டு வெடித்தபோதும் மூடினார்கள். 2022 ஏப்ரல் 3-ஆம் திகதி சனம் ரோட்டுக்கு இறங்கும் என்று பயந்தும் மூடினார்கள். அன்றைக்கெல்லாம் கட்டளை மலை உச்சி வரைக்கும் உடனே வந்து சேர்ந்தது. 2024-ல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்து, இணையத்தில் நாங்கள் என்ன பேசலாம் என்பதற்கும் விதி செய்தார்கள். பேச முதலில் லைன் வேண்டாமா?

பெக்கேஜ் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நீளமாகச் சொன்னால் உங்கள் டேட்டா தீர்ந்துவிடும். ஃபேஸ்புக்குக்கு ஒரு டேட்டா, யூடியூபுக்கு ஒரு டேட்டா, "படிப்புக்கு" என்று ஒரு டேட்டா. பிள்ளை பாடத்தை எந்தத் தளத்தில் படிக்க வேண்டும் என்பதையும் கம்பனியே முடிவு செய்கிறது. அன்லிமிட்டட் என்கிறார்கள், ஒரு அளவு தாண்டினால் கழுத்தை நெரிக்கிறார்கள். பாதி டேட்டா நடுராத்திரிக்கு மேல். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பிரட்டுக்குப் போக வேண்டிய அம்மா ராத்திரி ரெண்டு மணிக்கு எதை டவுன்லோட் செய்வார்? அதில் 18 சதவீதம் வற் வரி. வராத நாட்களுக்கும் சேர்த்துத்தான் வற்.

முறைப்பாடு சொல்லத் தமிழுக்கான இலக்கத்தை அழுத்தினால் பாட்டு மட்டும் ஓடும். கடைசியில் எடுக்கிறவர் சிங்களத்தில் "டிக்கக் இன்ன", கொஞ்சம் இருங்கள் என்பார். தமிழும் அரச கரும மொழி என்று 1987-ல் அரசியலமைப்பில் எழுதியாயிற்று. நான் சிங்களம் பேசுவேன், சமாளித்துவிடுவேன். என் அம்மா என்ன செய்வார்? டெக்னிசியன் வருகிறேன் என்பார், ரோட்டில் நின்று கோல் எடுத்து "மேலே ஓட்டோ வராதே" என்று திரும்பிப் போவார், அடுத்த நிமிடம் "உங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது" என்று ஆங்கிலத்தில் மெசேஜ் வரும்.

இதற்கு நடுவில் அரசாங்கம் எல்லாவற்றையும் ஒன்லைனுக்குக் கொண்டுபோகிறது. 2022-ல் பெட்ரோலுக்குக் கியூஆர், 2025-ல் அரசாங்கக் கட்டணத்துக்குக் கவ்பே, இனி டிஜிட்டல் அடையாள அட்டை. நல்லதுதான், வரிசையில் நிற்கிற சனத்துக்கு உண்மையிலேயே நல்லது. ஆனால் லைன் இல்லாதவன் டவுனில் கொமியூனிகேஷன் கடைக்குப் போய், அடையாள அட்டை இலக்கத்தையும் பாஸ்வேர்டையும் யாரோ ஒருவரிடம் சொல்லி, ஒரு பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து விண்ணப்பிக்கிறான். அன்றைய நாள் சம்பளமும் போயிற்று.

கொரோனா காலத்தில் பிள்ளைகள் பாறை மேலும் மரத்து மேலும் ஏறி ஒன்லைன் வகுப்பு படித்த போட்டோக்கள் ஞாபகம் இருக்கிறதா? "விடாமுயற்சி" என்று தலைப்புப் போட்டுக் கைதட்டினார்கள். எனக்கு அந்தக் கைதட்டலைப் பார்க்க அருவருப்பாக இருந்தது. அட்டை கடிக்க, மழையில் நனைந்து, பாம்பு பார்த்து ஒரு பதினான்கு வயதுப் பிள்ளை பாறையில் உட்கார்ந்து கணக்குப் படிப்பது யாருக்குப் பெருமை? அந்தப் பாறையில் இன்றைக்கும் பிள்ளைகள் ஏறுகிறார்கள், பரீட்சை முடிவு பார்க்க. போட்டோ எடுக்கத்தான் யாரும் வருவதில்லை.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்து மலை சரிந்து ரோடும் கம்பியும் போனபோது நான் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சேற்றில் இறங்கி லைன் சரிசெய்த தொழிலாளர்களுக்குக் கும்பிடுதான். ஆனால் பெற்றவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ளவும் வழியில்லாமல் கொழும்பில் வேலை செய்கிற எங்கள் பிள்ளைகள் அந்த நாட்களில் அழுததைப் பார்த்தபிறகும், இணையம் என்பது ஏதோ டிக்டொக் பார்க்கிற ஆடம்பரம் என்று பேசுகிறவர்களை என்ன சொல்வது?

சட்டலைட் இணையம் ஸ்டார்லிங்க் வந்துவிட்டதே என்று ஒரு கூட்டம். வந்தது, 2025 ஜூலையில். டிஷ் வாங்க ஒரு லட்சத்துக்கு மேல், குறைந்த பெக்கேஜே மாதம் பன்னிரண்டாயிரம் என்று அறிவித்தார்கள். அப்போது இருந்த, 2024 வர்த்தமானியில் வந்த 1350 ரூபாய் நாட்சம்பளத்தில் கணக்குப் போட்டால், ஒன்பது நாள் கொழுந்து எடுத்தால்தான் ஒரு மாத இணையம் என்று வந்தது. அதுவும் கிலோ குறையாமல் எடுத்தால்.

நாங்கள் இலவசமாகக் கேட்கவில்லை. உறுதிக்குப் பதிலாகக் கிராம சேவகரின் வதிவிடச் சான்றை ஏற்றுக்கொள்ளுங்கள். தோட்டத்தின் கடிதம் என்ற நிபந்தனையைச் சட்டம் போட்டு எடுத்துவிடுங்கள், அல்லது இத்தனை நாளுக்குள் பதில் கொடுக்காவிட்டால் அனுமதித்ததாகவே கருதப்படும் என்றாவது எழுதுங்கள். ரோட்டில் இருந்து லயம் வரைக்கும் கம்பம் நடுவதை இணையக் கம்பனிகளின் லைசன்ஸ் நிபந்தனையில் சேருங்கள். லைன் செத்துக் கிடந்த நாட்களுக்குப் பில்லில் காசைக் கழியுங்கள். அதுவரைக்கும் அந்தத் திரையில் இருந்து மிஸ்ட் என்ற வசனத்தையாவது அழித்துவிடுங்கள், இன்றைக்கும் இங்கே நல்ல வெயில்.