கேக்கை விடுங்கள், அவள் ஆபீஸைப் பாருங்கள்

கனடா எழுத்தாளர் மார்கரெட் அட்வுட்டின் 'தி எடிபிள் உமன்' (1969) நாவலைப் பற்றி யார் எழுத வந்தாலும் நேரே கேக்குக்குப் போய்விடுகிறார்கள். நாயகி மேரியன் பெண் உருவத்தில் ஒரு கேக் செய்கிறாள். நிச்சயம் ஆன பீட்டர் முன்னால் வைக்கிறாள். அவன் மிரண்டு ஓடுகிறான், அவளே அதை வெட்டித் தின்கிறாள். விடுதலை, சுபம். சந்தை பெண்ணைத் தின்னப் பார்த்தது, அவள் முந்திக்கொண்டாள் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். வசதியான வாசிப்புதான், நாவல்தான் அதற்கு ஒத்துழைக்க மறுக்கிறது.

மேரியன் வெறுமனே கடைக்குப் போய் வாங்குகிறவள் இல்லை. சந்தை ஆய்வு நிறுவனத்தில் சம்பளம் வாங்குகிறவள். மேல்மாடியில் நிர்வாகிகளும் உளவியல்காரர்களும், எல்லாம் ஆண்கள். கீழ்மாடியில் இயந்திரங்கள். நடுமாடியில் பெண்கள். ஐஸ்கிரீம் சாண்ட்விச் மாதிரி என்று அவளே சொல்கிறாள். மேலிருந்து வரும் கரடுமுரடான கேள்விகளைச் சாதாரண ஆளுக்குப் புரிகிற மாதிரி மாற்றி எழுதுவது அவள் வேலை. வாங்குகிற பெண் எப்படி யோசிப்பாள் என்று வார்த்தெடுக்கிற இடத்தில் அவளும் ஒரு கை. இதை விட்டுவிட்டுப் படித்தால் மிஞ்சுவது ஒரு அப்பாவிப் பெண்ணின் கதை. அட்வுட் எழுதியது அதை இல்லை.

அவள் உடம்பு சாப்பாட்டை மறுக்கிற வரிசையைப் பென்சிலால் குறித்துக்கொண்டே போங்கள். முதலில் மாட்டிறைச்சி: ஓட்டலில் பீட்டர் ஸ்டேக்கை நறுக்குவதைப் பார்க்கும்போது, எந்தத் துண்டு எங்கிருந்து வருகிறது என்று கோடு போட்டுக் காட்டும் மாட்டுப் படம் மனதில் வருகிறது. அப்புறம் முட்டை. அப்புறம் கேரட். ஒரு கட்டத்தில் டப்பா அரிசிப் புட்டிங்கும் இறங்கவில்லை. அந்த டப்பா புட்டிங் எங்கே வந்தது? நாவலின் தொடக்கத்தில், அவள் ஆபீஸில், ருசி பார்க்கிற வேலையாக. இதை வெறும் பசியின்மை நோயாகப் படிக்கிறவர்கள் தவறவிடுவது இந்த முடிச்சைத்தான். ஒல்லியாக வேண்டும் என்ற ஆசை அவளுக்கு இல்லை. ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போவதைப் பார்த்துப் பயப்படுகிறாள்.

கேக்கும் திடீரென்று முளைத்ததில்லை. பீட்டரின் விருந்துக்காக முடி அலங்காரம் செய்யப் போகிற இடத்தில், தன் தலையைக் கேக் மாதிரி ஐசிங் பூசி ஜோடிக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றுகிறது. அங்கே தனக்குச் செய்யப்பட்டதைத்தான் பின்னால் அவள் மாவிலும் சர்க்கரையிலும் செய்கிறாள்.

இனி கதை யார் குரலில் வருகிறது என்று பாருங்கள். முதல் பாகம் 'நான்'. இரண்டாம் பாகம் முழுக்க 'அவள்'. கேக்கைத் தின்னும்போதும் 'அவள்'தான்! 'நான்' திரும்புவது ஒரே அத்தியாயம் உள்ள மூன்றாம் பாகத்தில், அவள் வீட்டைச் சுத்தம் செய்துகொண்டிருக்கும்போது. அங்கே, இடையில் அவளுக்குப் பழக்கமான ஆய்வு மாணவன் டங்கன் வருகிறான், மிச்சக் கேக்கைத் தின்றுமுடிக்கிறான். நீ மறுபடி நுகர்வோர் ஆகிவிட்டாய் என்கிற பொருளில் ஒன்றைச் சொல்லவும் செய்கிறான். விடுதலை என்று கொண்டாடுகிறவர்கள் இந்த வரியைத் தாண்டிக் குதித்துத்தான் கொண்டாடவேண்டும். முடிவில் இவளுக்கு இருக்கும் வழிகள் தொடக்கத்தில் இருந்தவையேதான் என்று அட்வுட்டே பிறகு ஒரு முன்னுரையில் எழுதினார்: எங்கும் போகாத வேலை, இல்லையென்றால் அதிலிருந்து தப்பிக்கக் கல்யாணம்.

இதைத் தமிழுக்குக் கொண்டுவருகிறவர்களுக்கு ஒரு சௌகரியமும் ஒரு ஆபத்தும் உண்டு. 'நான்', 'அவள்' என்று எழுதாமலே 'எடுத்தேன்', 'எடுத்தாள்' என்று விகுதி காட்டிக்கொடுத்துவிடும். அதனால் மாற்றம் மூலத்தைவிட அழுத்தமாக விழும். ஓட்டம் தடைபடுகிறது என்று யாராவது எடிட்டர் அந்த விகுதிகளைச் சமன்படுத்தினால் நாவலே போயிற்று.

பிரெஞ்சு எழுத்தாளர் சிமோன் தி பொவ்வாரின் 'லே பெல் இமாஜ்' நாவல் 1966-இல் வந்தது. அட்வுட் தன் நாவலை எழுதியது 1965-இல், அச்சுக்கு வரத்தான் தாமதம். அதனால் யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்ற ஆராய்ச்சி வேண்டாம். ஆனால் ஒற்றுமை அசரவைக்கிறது. பொவ்வாரின் நாயகி லாரன்ஸ் விளம்பர நிறுவனத்தில் வேலை செய்கிறாள். மரப்பலகை விற்கிற விளம்பரத்தில் தான் விற்பது பாதுகாப்பையும் வெற்றியையும் என்று அவளுக்குத் தெரியும். அங்கேயும் 'நான்', 'அவள்' இடம் மாறிக்கொண்டே இருக்கும், சில சமயம் ஒரே பத்திக்குள். அவளுக்கும் கடைசியில் சாப்பாடு தொண்டையில் இறங்குவதில்லை. ஆசையைத் தயாரித்து விற்கிற பெண்ணுக்குத்தான் வாய் அடைக்கிறது.

இவர்கள் இருவரிடமும் காசு இருந்தது, கடையில் மரியாதையும் இருந்தது என்பதை மறக்கக் கூடாது. அமெரிக்க எழுத்தாளர் டோனி மாரிசனின் 'தி புளூயஸ்ட் ஐ' (1970) நாவல் இங்கேதான் கையை முறுக்குகிறது. கறுப்பினச் சிறுமி பெக்கோலா மூன்று சென்ட்டோடு மிட்டாய் வாங்கப் போகிறாள். கடைக்காரர் கண்ணில் அவள் படுவதே இல்லை. காசை வாங்கும்போது அவள் கையைத் தொடத் தயங்குகிறார். ஒன்பது மிட்டாய் கிடைக்கிறது, தாளில் நீலக் கண் வெள்ளைச் சிறுமி. அந்த மிட்டாயைத் தின்றால் அந்தக் கண்களையே தின்ற மாதிரி அவளுக்கு. மறுக்கிற வாய் இல்லை இது, ஏங்குகிற வாய்.

வாய் மறுத்தால்தான் எதிர்ப்பு என்று சூத்திரம் போடுகிறவர்களை ஜப்பானிய எழுத்தாளர் சயாகா முராதா இன்னும் மோசமாகக் கவிழ்க்கிறார். 2016-இல் வந்த 'கன்வீனியன்ஸ் ஸ்டோர் உமன்' நாவலின் கெய்கோ, 36 வயது, 18 வருஷமாக அதே கடையில் பகுதிநேர வேலை. கூட வேலை செய்கிறவளின் உடுப்பு என்ன பிராண்டு என்று பார்த்து அதே ரகத்தில் வாங்குகிறாள், பேச்சின் தொனியையும் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்கிறாள். கடை விற்கிற உணவையே தின்பதால், காபி இயந்திரத்தைப் போலத் தானும் கடையின் ஒரு பாகம் என்று நினைக்கிறாள். அதில் அவளுக்குத் துக்கம் கிடையாது, நிம்மதிதான். வேலையை விட்டு, வீட்டில் ஒரு ஆணை வைத்து 'சாதாரணப் பெண்' ஆகப் பார்த்தபோதுதான் நிலைகுலைந்து போகிறாள். கடைசியில் கடையின் கண்ணாடியில் தன் உருவத்தைப் பார்த்து, இந்தக் கையும் காலும் இதற்காகத்தான் என்கிறாள். அவள் வாய் கடைசிவரை எதையும் மறுக்கவில்லை.